அப்பாவின் நண்பருக்கு வந்த கட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கத்தான் பேனா நகரவில்லை.

ஆண்களுக்கு விரையில் வரும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றிய என் ஆய்வு அச்சில் வந்ததற்கு ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். ஆய்வகத் தலைவர் வழக்கம்போல் என் தமிழ்ப் பெயரை உச்சரிக்க வராமல் கடித்துத் துப்பினார். அப்போதுதான் நீங்கள் அனுப்பிய ஸ்கேன் படங்களும் குரல் பதிவும் வந்தன. "ஃப்ரெண்டு ஒருத்தனுக்கும்மா. அங்க வீக்கம். கூச்சத்துல யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டான். மறைக்காம எழுது, தாங்கிப்பான்."

மறைக்கவில்லை. விரையில் தொடங்கிய நிணநீர்ப் புற்று மூளைவரை போய்விட்டது. மருந்து கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும். என் ஆய்வில் இந்த நிலைக்கு வந்த யாரும் பிழைக்கவில்லை. அவரை இனி வண்டி ஓட்ட விடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் படமெடுத்திருந்தீர்கள். கதவிடுக்கில் நசுங்கிக் கறுத்த அந்த நகத்தை எனக்குத் தெரியாதா? அதன் கீழே மறைக்காமல் விட்ட பிறந்த தேதியையும்தான்.

உங்கள் சட்டை ஒன்றை எனக்காக எடுத்து வையுங்கள். துவைக்க வேண்டாம். இங்கே குளிர் அதிகம், வேறொன்றுமில்லை.

தலைவர் கூப்பிடுகிறார். மாதக் கடைசியில்தான் லீவு கிடைத்திருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். நான் வரும்வரை அவரை இருக்கச் சொல்லுங்கள், அப்பா.

உங்கள் மகள்