உங்கள் அடிக்குப் பின் என் அடி

அண்ணை,

இன்று காலை மெட்ரோவில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்த ஒரு பெரியவரிடமிருந்து தைல மணம் வந்தது. உங்கள் சட்டைப் பையில் எப்போதும் கிடக்குமே ஒரு சின்னப் போத்தல், அதே தைலம். எல்லோரும் தடித்த ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கியிருக்க, நான் மட்டும் அந்த மனிதருடைய இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியில்தான் பூசியிருந்தார். தலையிடியாக்கும். எனக்கு அந்த மணத்தை மணிக்கட்டில் தேடித்தான் பழக்கம். பார்த்தபடி இருந்ததில் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மேள அணியில் சேர்ந்த கதையைக் கோயிலில் இன்னும் பகிடியாகச் சொல்கிறார்கள். சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டி அடுக்குகிற இரண்டு தமிழர்கள், ஞாயிறு பூசையில் பாட்டுக்குக்கூட வாய் திறக்காதவர்கள், இறகு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளைக்காரரோடு மேளம் சுமந்து திடலில் நடந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். எங்களை இழுத்துப்போனவள் எங்கள் கொம்பனியின் கந்தோரில் வேலை செய்த ஜினெட். ட்ரம் கோர் என்றால் என்னவென்று அவள்தான் சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினாள். குழல்காரரும் மேளக்காரரும் வாசித்தபடியே திடலில் கோலம் கோலமாக நடப்பார்கள், நடுவர்கள் புள்ளி போடுவார்கள், வளர்ந்தவர்களுக்கும் அணி உண்டு, பெரிய மேளம் தூக்க முதுகு பலமான ஆட்கள் வேண்டும் என்றாள். "முதுகுதானே, அது கிடக்கு" என்று நீங்கள் தமிழில் சொன்னீர்கள். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். எங்களுக்குள் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. முதுகு உங்களுடையது, பிரெஞ்சு என்னுடையது.

பெரிய மேளம் ஐந்து. அதில் ஒருவருக்கும் முழுப் பாட்டு கிடையாது. முதலாமவர் ஒரு அடி, அடுத்தவர் ஒரு அடி, இப்படி ஐந்து பேரையும் தொட்டுக்கொண்டு ஓட்டம் கடகடவென்று இறங்கும். வீட்டில் என் பங்கைத் தனியாக மேசையில் அடித்துப் பார்த்தபோது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று மனைவி எழும்பிப் போய்ப் பார்த்தாள். நீங்கள் மூன்றாவது, நான் நான்காவது, ஜினெட் கடைசி. உங்கள் அடியைக் கேட்டு நான் அடிப்பேன். என் அடியைக் கேட்டு அவள் அடிப்பாள்.

எனக்குப் புள்ளிப் பைத்தியம். ஒலிபெருக்கியில் சொல்லும் புள்ளியைத் தசம் வரை மனதில் பிடித்துக்கொண்டு, மற்ற அணிகளுக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் கணக்குப் போடுவேன். நீங்கள் பஸ் ஏறியதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிவிடுவீர்கள். நன்றாக அடித்தோமா இல்லையா என்பது திடலை விட்டு இறங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேர்ந்த முதல் கோடையில் மழைக்குள் ஒருநாள் அடித்தோமே, நினைவிருக்கிறதா? தொப்பியின் இறகெல்லாம் கோழி நனைந்த மாதிரித் தொங்க, "இண்டைக்கு அஞ்சு பேரும் ஒரு ஆள் மாதிரி நிண்டனாங்கள்" என்று சிரித்தபடி வந்தீர்கள். புள்ளி விழுந்திருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த நாளையே உங்களுக்குக் கெடுத்தேன். பஸ் நின்ற இடத்தில் டெப்பனர் கடையில் இரண்டு கோப்பி வாங்கி வந்து ஒன்றை என் கையில் திணித்தீர்கள். "உனக்குக் காது என்னத்துக்கடாப்பா, கல்குலேட்டரே போதும்" என்றீர்கள். வெளியில் நிற்கிற நடுவருக்குத்தான் கேட்கும், உள்ளே நிற்பவனுக்கு என்ன தெரியும் என்று நான் வாதாடினேன். அந்த வாதத்தை இப்போது நினைத்தால் என் வாயில் நானே போடலாம் போலிருக்கிறது.

அடுத்த கோடையில்தான் அது நடந்தது. நடுவர்களில் ஒருவர் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்களுக்கு நடுவிலேயே நடந்து, காதில் விழுகிற குறைகளை அங்கேயே பேசிப் பதிவார். அந்தக் கசெட்டைத் திரும்பும் வழியில் பஸ்ஸில் போடுவார்கள். யூலை மாதத்துப் போட்டியொன்றில் அந்தக் குரல், மூன்றாவது மேளத்தின் இடது கை பிந்துகிறது என்றது. பஸ்ஸில் ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர்களுடைய மரியாதை. நீங்கள் போத்தலைத் திறந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்தீர்கள். பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டிருக்கும் என்றீர்கள்.

அடுத்த பயிற்சியில் நான் ஒரு வேலை செய்தேன். உங்கள் அடி எவ்வளவு பிந்தியதோ அவ்வளவுக்கு நானும் பிந்தினேன். என்னைக் கேட்டு ஜினெட்டும் பிந்தினாள். ஓட்டத்தில் இருந்த நொண்டல் மறைந்து, வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்து வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. பயிற்றுநர் தலையாட்டினார். அதை உங்களுக்காகச் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உங்களை நிறுத்திவிட்டால் ஓட்டத்தின் நடுவில் ஒரு அடி இல்லாமல் போகும், புள்ளி விழும். எனக்குப் புள்ளி வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த போட்டிக்கு முதல்நாள் உங்கள் காரில் வில்லரேக்கு வீடு திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நிற்கையில் சொன்னீர்கள். தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவுகிறதாம். சட்டைப் பொத்தானை உங்கள் மனைவி, அக்காதான் பூட்டிவிடுகிறாவாம். திங்கட்கிழமைக்குக் கிளினிக்கில் மகள் நேரம் எடுத்து வைத்திருக்கிறாளாம். பிறகு, புள்ளியை ஒருநாளும் மதிக்காத நீங்கள் சொன்னீர்கள்:

"நாளைக்கு அந்த மனுசன் திரும்பவும் என்ர கையைப் பற்றிச் சொன்னா டாக்குத்தரிட்டப் போறன். சொல்லாட்டி விடுவம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த மனுசனுக்கு இனிக் கேட்காது அண்ணை, நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். விளக்குப் பச்சையாகியது. நாளைப் போட்டி முடியட்டும், பேந்து சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

மறுநாள் நடுவர் எங்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். ஓட்டம் வந்தது. நான் காத்திருந்தேன், உங்கள் அடி வந்தது, பிறகு நான் அடித்தேன். நாங்கள் அடித்ததிலேயே மோசமான அடி அது. உள்ளே நின்ற எனக்கு முதல் தடவையாக அது தெரிந்தது. புள்ளியோ அந்தக் கோடையிலேயே அதிகம். கசெட்டில் அந்தக் குரல், பெரிய மேளங்கள் மிகச் சுத்தம் என்றது. பஸ் முழுக்கக் கூச்சல். நீங்கள் இடது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தீர்கள். "ஒண்டுமில்லை" என்றீர்கள். அப்படியொரு நிம்மதியை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை, களஞ்சியத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் என்னைக் கூட்டிப்போய், அந்த நேரத்தை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னீர்கள். வீட்டில் தெரிந்தால் மகள் விடமாட்டாள் என்று சிரித்தீர்கள். பிரெஞ்சு என்னுடைய வேலை. போன் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், வேறு ஒரு நாள் தரட்டுமா என்று கேட்டாள். அதை உங்களிடம் நான் கேட்கவே இல்லை. நோன், மெர்சி, வேண்டாம் நன்றி, என்று வைத்துவிட்டேன்.

பனி தொடங்கிய பிறகு நீங்கள் களஞ்சியத்தில் விழுந்தீர்கள். மூளையில் கட்டி என்றார்கள். முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்றார் ஒரு டாக்டர். அப்படிச் சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். முதலாமவர் சொன்னதை உங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர் சொன்னது என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அது சரிதான், அது வர வேண்டிய இடம்.

சொல்லிவிடுவது என்றுதான் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அக்கா கீழே கோப்பி குடிக்கப் போயிருந்தா. கதிரையைக் கட்டிலுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டேன். நீங்கள் முந்திவிட்டீர்கள்.

"அண்டைக்கு நீ பிந்தித்தானடா அடிச்சனீ. எனக்குக் கேட்டது. உன்னை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நல்ல கையால் என் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தீர்கள்.

"என்னைப் போல விட்டிடாத. டாக்குத்தரிட்டக் காட்டு."

ஓம் அண்ணை என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அக்கா வந்ததும் எழும்பிப் போய்விட்டேன். என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே நீங்கள் போனீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் இருந்தேன் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்கள். உங்களிடம் அப்படிச் சொல்ல வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் பேசவில்லை.

அணியை நான் விடவில்லை. உங்கள் இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். நல்ல கை, அடி அதனதன் நேரத்தில் விழுகிறது. புள்ளி சொல்லும்போது நான் மேளங்களை வண்டியில் ஏற்றப் போய்விடுவேன். போன மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி முடிந்து மேளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜினெட் வந்து என் முன்னால் நின்றாள். நீ பிந்துகிறாய், ஒவ்வொரு தடவையும் பிந்துகிறாய் என்றாள். கையில் ஏதும் கோளாறென்றால் உடனே போய்க் காட்டு என்றாள். சொல்லிவிட்டுத் தன் மேளத்தைக் கழற்றப் போனாள். அவ்வளவுதான் அண்ணை, நான் உங்களுக்குச் செய்யாமல் விட்ட அந்த வேலை. இரண்டு வசனம்.

நீங்கள் சொல்லி இத்தனை வருடத்துக்குப் பிறகு, போய்க் காட்டினேன். டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். மூன்றாவது மேளம் அடித்து முடிந்த பிறகும் நான் உங்கள் அடி வரட்டும் என்று நிற்கிறேன்.