கடலுக்குள் திருப்பிவிட்ட அம்புக்குறி

பேரிலேயே ‘நட’ன்னு வச்சுக்கிட்டு பாதி வழியில உட்கார்ந்துட்ட என் நடராசு அண்ணே,

எப்படி இருக்கன்னு கேட்க வாய் வருது. யாருகிட்ட கேட்கிறது?

மிளகா வத்தல் மூட்டை கட்டி முடிச்ச மறுநாள், நாம ரெண்டு பேரும் முதுகுளத்தூர்ல பஸ் ஏறி தனுஷ்கோடி போனோமே, ஞாபகம் இருக்கா? நம்ம வரப்புல யாரும் யாரையும் முந்த முடியாது. மெதுவா நடக்கிற ஆளை முன்னால விட்டு மத்தவங்க பின்னால வரணும். அதுதான் நம்ம வீட்டுப் பழக்கம். கடற்கரையில ஏது வரப்பு? நான் பாட்டுக்கு ஓடினேன். போற வழியெல்லாம் மணல்ல ‘பரோட்டா கடை இந்தப் பக்கம்’னு எழுதி, அம்புக்குறியைக் கடலுக்குள்ள திருப்பிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தா, நீ ஈர மணல்ல நெஞ்சைப் பிடிச்சு உட்கார்ந்திருந்த.

“ஏ கழுத, நில்லுத்தா. மூச்சு வாங்குது.”

“பேருதான் நடராசு, நடிப்புல மகாராசு! எந்திரிண்ணே!”

எத்தனை தடவை நான் செத்த மாதிரி படுத்து உன்னை அலற விட்டிருக்கேன். அதுக்குப் பழி வாங்குறன்னு நினைச்சேன். கிட்ட வந்து தொட்டா, கை சில்லுன்னு இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுட்ட. “அய்யாகிட்ட மூச்சு விடாத. ஏற்கெனவே வத்தலுக்கு விலை கிடைக்காத கவலையில இருக்காரு. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு”ன்ன.

பண்ணேன். எந்த ரகசியமும் என் வாயில ஒரு நாள் தங்காது. இது தங்குச்சு. சத்தியத்தை மீறினா உன் தலைக்கு ஆகாதுன்னு பயம்.

இருபது நாள்ல களத்துமேட்டுல விழுந்த. “இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?”ன்னு டாக்டர் கேட்டாரு. “இல்லையே”ன்னாரு அய்யா. நான் தரையைப் பார்த்தேன். சத்தியத்தைக் காப்பாத்திட்டேண்ணே. உன்னை?

முன்னெல்லாம் வரப்புல கடைசியா வர்ற அய்யா, இப்ப முன்னால போறாரு. நேத்து அவர் முதுகைப் பார்த்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நின்னாரு. திரும்பல.

“வீட்டுலயும் அவனுக்கு மூச்சு வாங்குச்சுத்தா. வேலை செஞ்ச அலுப்புன்னு நான்தான் விட்டுட்டேன்.”

அப்புறம் நடந்தோம். அவர் மூச்சு என் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. வரப்புல கேட்கிற மூச்சு, ஒரே கூரைக்குள்ள இருந்தப்ப ஏண்ணே நம்ம யாருக்கும் கேட்கல?

ஆடி அமாவாசைக்கு உனக்கு எள்ளும் தண்ணியும் விட ராமேஸ்வரம் போறோம். அது முடிஞ்சு, நீ உட்கார்ந்த இடத்தைப் பார்க்கணுமாம் அய்யாவுக்கு. அந்தக் கரை எவ்வளவு அகலமா இருந்தாலும் நான் அவருக்குப் பின்னாலதான் வருவேன். மூச்சு வாங்குதுன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா, யார் தலையில அடிச்சு சத்தியம் கேட்டாலும் பண்ண மாட்டேன், ஊரையே கூட்டிருவேன்.

மணல்ல ஒரே ஒரு அம்புக்குறி மட்டும் போடுவேன். இந்தத் தடவை வீட்டுப் பக்கம் திருப்பி.

நீ பின்னால உட்கார்ந்தது தெரியாம முன்னால ஓடின,
உன் தங்கச்சிக் கழுத