நான் + கள்

நாள் 1 · காலை 7:10

வெப்பநிலை 19. காற்றழுத்தம் சரி. விதை பார்லி மூட்டைகளில் ஈரமில்லை. கலங்கரை துடிக்கிறது. ஆள்: ஒன்று.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் ஜெர்வின், வயது பத்தொன்பது, நாகர்கோவில் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்தவன். விண்வெளியில் உருளும் இந்தப் பாறைக்கு ஆவணத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. நான் உளுந்து என்கிறேன். கறுப்பு, வழவழப்பு, இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு. பூமியை விட்டு இவ்வளவு தூரம் வந்த விதை எத்தனை வருஷம் கழித்தும் முளைக்கும் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. அதற்கு இரண்டு பேர். இன்னொருவர் என் சீனியர் அமலதாஸ் அண்ணன். நேற்று அவருக்குக் குடல்வால் வீங்கி, நெய்தல் என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் வந்து எடுத்துப் போனது. கப்பலில் படுக்க ஓர் இடம்தான் பாக்கி. அவரைப் படுக்க வைத்தார்கள், என்னை நிற்க வைத்தார்கள். நிற்க வைத்துவிட்டே போய்விட்டார்கள். அறுவை முடித்து இதே வழியில் திரும்ப மூன்று வாரம்.

அண்ணன் விட்டுப்போனவை: ஒரு ஜோடி செருப்பு, ஒரு கைலி, மூன்று பீர் கிட், முடியாத ஒரு வழக்கு.

வழக்கு இது. கிட் என்றால் ஒரு டின் பாகு, கூடவே ஒரு பொட்டலம் ஈஸ்ட். யாரோ எங்கோ பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, சுண்டக் காய்ச்சி அடைத்த பாகு. நாம் தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவினால் போதும். அண்ணன் கிட் கட்சி. நான் தானியக் கட்சி. இத்தனை மூட்டை பார்லியை வைத்துக்கொண்டு டின்னைத் திறப்பவர், குளச்சல் கடற்கரையில் உட்கார்ந்து மீன் டின் திறப்பவர் என்பது என் வாதம். குடிப்பதற்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆக வேண்டும். வாதாட வயது வரம்பு கிடையாது.

நாள் 2 · பகல் 2:20

நிலையத்தை நடத்தும் கணினிக்கு வார்டன் என்று பெயர். நான் வைத்ததுதான். குணமும் அதே. பகல் இரண்டுக்கு ஓய்வு மணி அடிக்கும், கட்டிலில் கிடக்க வேண்டும். தலைமாட்டில் ஒரு கருவி நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை முகர்ந்து ஆளை எண்ணும். எல்லோரும் உள்ளே என்றால் வெளிக்கதவைப் பூட்டும். ஒரு கட்டில் காலி என்றால் வருகையில் குறை போடும், ஆனாலும் அந்த ஆள் வெளியே இருக்கலாம் என்று, கதவுப் பொத்தானை அழுத்தியதும் திறக்கும். வெளிப்பக்கம் அந்தப் பொத்தானைத் தவிர வேறு பிடி கிடையாது. ஹாஸ்டல் கேட்டேதான், ஏறிக் குதிக்கச் சுவர் மட்டும் இல்லை.

இன்று வார்டன் சொன்னது:

“வருகை: ஒருவர். குறை வருகை: இரண்டாவது. இருவருக்குக் குறைந்தால் நிலையம் காலி செய்யப்படுகிறது என்று பொருள். மூன்றாவது குறை வருகையில் கலங்கரை அணைக்கப்படும். பின்னர் வெப்பம்.”

இதைச் செய்தவர்களுக்கு ஒற்றை ஆள் என்று ஒன்று தோன்றவே இல்லை. இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் காலி. விதியை மாற்ற அண்ணனின் கைரேகை வேண்டும். கை கப்பலில் இருக்கிறது. கலங்கரை என்பது இந்தப் பாறை எங்கே என்று கப்பலுக்குச் சொல்லும் ரேடியோ துடிப்பு. அது நின்றால் இருட்டில் ஓர் உளுந்து. யார் தேடுவார்கள்.

நாளைக்குள் இன்னோர் ஆள் வேண்டும்.

நாள் 2 · மாலை 5:00

ஹாஸ்டலில் மூன்று வருஷம் எதைப் படித்தேன் என்று அம்மா கேட்பாள். ப்ராக்ஸி கொடுக்கப் படித்தேன். இல்லாத ஆளுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வது. குரல் மாற்றத் தெரியும். மூச்சு மாற்றத்தான் தெரியாது.

ஆனால் ஈஸ்ட் மூச்சு விடும். சர்க்கரையைத் தின்னும், கரியமில வாயுவை விடும், குமிழ் குமிழாக. அண்ணனின் முதல் கிட்டைத் திறந்துவிட்டேன்.

நாள் 3 · பகல் 2:05

பாகு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரு பெரிய கேனில். மூடியிலிருந்து குழாய், குழாயின் முனை அண்ணனின் தலையணைக்கு அடியில். போர்வைக்குள் மூட்டைத் துணி, ஒரு வெந்நீர்ப் பை. கட்டிலுக்குக் கீழே செருப்பைக்கூட ஜோடியாக வைத்தேன். வேலையில் ஒரு சுத்தம் வேண்டும்.

“வருகை: இருவர். நலம்.”

எட்டாம் வகுப்பில் பன்மைக்கு விகுதி ‘கள்’ என்று தமிழ் ஐயா சொன்னபோது கடைசி பெஞ்சு மொத்தமும் சிரித்து அடி வாங்கினோம். இன்றுதான் புரிகிறது. நான் ஒருமை. கள்ளைச் சேர்த்தால் நாங்கள்.

நாள் 5 · பகல் 3:30

கப்பலிலிருந்து முதல் செய்தி:

“லே ஜெர்வினே, வயித்தைக் கிழிச்சுத் தச்சாச்சு. சிரிக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால நீ பேசாண்டாம். என் கிட்டைத் தொட்டேன்னு வை, வந்து தோலை உரிச்சிருவேன், கேட்டியா.”

நான் அனுப்பியது: “அண்ணே, கிட்டைத் தொடலை. உங்க கட்டில்ல படுக்க வச்சுப் போர்த்தி விட்டிருக்கேன். வார்டன் அதை நீங்கன்னு நம்புது. உங்களைவிட நல்லா மூச்சு விடுது, குறட்டையும் இல்லை.”

பதில் வர மதியம் ஆனது:

“பாவி, தையல் பிரிஞ்சா நீதான் பொறுப்பு. என் இடத்துல பீரா? சரி, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். வார்டன் ரெண்டு பேருன்னு சொன்னா, ஒண்ணு பீரு, ஒண்ணு நீ. நான் கழிச்சுக்கிடுதேன். ஆனா ஒண்ணு பாத்துக்க. ஆபத்துக்கு ஒதவுனது கிட்டுதான். ஒன் தானியம் இல்ல.”

மூன்று முறை போட்டுக் கேட்டேன். பதிவைத்தான். அந்தச் சிரிப்பை அடக்குகிற இடம்.

நாள் 7 · மாலை 4:00

கிட் பற்றிய அறிக்கை. முதல் இரண்டு நாள் பஸ்ஸைத் துரத்தி ஓடியவன் மாதிரி இரைத்தது. இன்று குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே நான் பல் தேய்த்துவிடலாம். இரண்டாவது கிட்டைத் திறந்தாயிற்று. மூன்றையும் கூட்டினாலும் கப்பல் வரும்வரை வராது. கிட் என்று பெயர், கிட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கரை சேர்க்காது.

பார்லியை நனைத்துவிட்டேன். விதையை எடுக்கக் கூடாது என்பது விதி. விதியைப் பிறகு பார்க்கலாம்.

நாள் 11 · காலை 9:00

பார்லி முளைவிட்டது. வெள்ளை வேர், கொசு மீசை அளவு. தட்டில் பரப்பி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறேன். புரட்டாவிட்டால் வேர் பின்னிக் கம்பளி ஆகிவிடும்.

ஒன்று கண்டுபிடித்தேன், அண்ணனிடம் உடனே சொல்லியாக வேண்டும். முளைக்கும் தானியமே மூச்சு விடுகிறது. ஈஸ்ட் வரும் முன்பே. இரண்டாவது கிட் திணறியபோது, முளைத்தட்டை மூடிக் குழாயை அதில் செருகினேன். வருகை இருவர். கிட் ஒருமுறைதான் மூச்சு விடும். தானியம் முளைக்கும்போது ஒருமுறை, நுரைக்கும்போது ஒருமுறை.

தட்டுக்குள் கையை விட்டால் சூடாக இருக்கிறது. இந்தப் பாறையில் தானாகச் சூடாக இருப்பது நானும் அதுவும்தான். கையை எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அதிக நேரம்.

நாள் 15 · மாலை 6:40

முளையை உலர்த்தி (அந்த நாட்களில் கட்டிலில் மூச்சு விட்டது மூன்றாவது கிட்), விதை மாதிரிகளை அரைக்கும் இயந்திரத்தில் உடைத்து, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஊறவைத்தேன். சூடு ஏறினாலும் கெட்டது, இறங்கினாலும் கெட்டது. முதல் தடவை கெட்டது. மாவு சர்க்கரையாக மாறியதா என்று பார்க்க முதலுதவிப் பெட்டி அயோடின் ஒரு சொட்டு. நீலம் ஆனால் இன்னும் மாவு. நீலம், நீலம், நீலம். கடைசியில் நீலம் ஆகவில்லை. யாரிடமாவது காட்டலாம் என்று திரும்பினேன். போர்வைக்குள் வெந்நீர்ப் பை.

அண்ணனின் கைலியில் வடிகட்டினேன். மன்னிக்க. துவைத்த கைலிதான். காய்ச்சி, ஆறவைத்து, பழைய கிட்டின் அடி வண்டலைத் தயிருக்கு உறை ஊற்றுவது போல ஊற்றினேன். சாயங்காலம் நுரை வந்துவிட்டது. பெரிய நுரை. ஈரல் மட்டும்தான் இல்லை, இருந்தால் நுரையீரல்.

தீர்ப்பு: டின் திறப்பவனுக்கு ஒரு மணி நேரம், எனக்கு எட்டு நாள். எட்டு நாளும் செய்ய ஏதோ இருந்தது. யாருக்காகவோ சரியான நேரத்துக்கு எழுந்தேன். தானியம் ஜெயித்தது.

நாள் 18 · காலை 10:00

கலங்கரைக் கம்பம் சுழலவில்லை. உளுந்து உருள உருள, கம்பமும் திரும்பிக் கப்பலைப் பார்க்க வேண்டும். அச்சு இறுகிவிட்டது. என் பேச்சும் அதே கம்பம் வழியாகத்தான் போகிறது. கேட்கலாம், பேச முடியாது.

“என்னலே, சத்தத்தையே காணும்? கோவமா? தானியம் ஊத்திக்கிட்டுதா? தோத்தா தோத்தேன்னு சொல்லணும்லே, ஒளியப்பிடாது.”

ஜெயித்துவிட்டேன் அண்ணே என்று சுவரிடம் சொன்னேன். கம்பத்தைக் கையால் திருப்பலாம். கம்பத்தில் வெயில் பட்டுக் கிரீஸ் இளகினால்தான் அசையும். நாளை மறுநாள் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை வெயில். அதற்கடுத்த வெயில் வரும்போது நெய்தல் இந்தப் பக்கத்தைக் கடந்து போயிருக்கும்.

நாள் 20 · பகல் 12:30

திட்டம். ஒரு மணிக்கு வெளியே. ஓய்வு மணிக்கு நான் கட்டிலில் இருக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு குறை வருகை. இன்னொன்று விழுந்தால், நான் திருப்பிக்கொண்டிருக்கும் கம்பத்தையே வார்டன் அணைத்துவிடும்.

ஆகவே எனக்கும் ப்ராக்ஸி. குழாயை இரண்டாகப் பிரித்து ஒரு முனை என் தலையணைக்கடியில். மூட்டைத் துணி, வெந்நீர்ப் பை, என் செருப்பு ஜோடியாக. மீதி முளையில் நேற்று புதிதாக உறை ஊற்றிய பெரிய கேன் பொங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேருக்கும் தாராளம். கலங்கல் இருக்கும்வரை கலங்கரை இருக்கும்.

வெளியுடையில் காற்று ஆறு மணி நேரத்துக்கு, ஏழு மணி வரை. அதன் ரேடியோ நான் வருமுன்பே செத்தது. நானும் அண்ணனும் வெளியே கை சைகையில் திட்டிக்கொள்வோம். இன்று திட்ட ஆளில்லை.

ஒரு பாட்டில் தனியாக எடுத்து மூடி வைத்திருக்கிறேன். இருபத்தொன்று ஆன அன்று திறக்க. யாரும் தொடாதீர்கள். அண்ணே, குறிப்பாக நீங்கள்.

நான் + கள் = நாங்கள். நான் வெளியே போனால் உள்ளே வெறும் கள். போய்விட்டு வருகிறேன்.

நாள் 20 · பகல் 2:00 · தானியங்கிப் பதிவு

வருகை. கட்டில் ஒன்று: உறக்கம். கட்டில் இரண்டு: உறக்கம். ஆள்: இருவர். நலம். அனைவரும் உள்ளே. வெளிக்கதவு பூட்டப்பட்டது.

நாள் 20 · பகல் 3:35 · தானியங்கிப் பதிவு

கலங்கரைத் திசை: சரி. நிலை அறிக்கை நெய்தலுக்கு அனுப்பப்பட்டது.

நாள் 20 · மாலை 4:10 · தானியங்கிப் பதிவு

வெளிக்கதவுப் பொத்தான் அழுத்தப்பட்டது. சரிபார்ப்பு: இருவரும் உள்ளே. வெளியே எவருமில்லை. கதவு திறக்கப்படவில்லை.

நாள் 20 · மாலை 4:11 · தானியங்கிப் பதிவு

வெளிக்கதவுப் பொத்தான் அழுத்தப்பட்டது. சரிபார்ப்பு: இருவரும் உள்ளே. கதவு திறக்கப்படவில்லை. பொத்தான் பழுது எனக் குறிக்கப்பட்டது.

நாள் 20 · மாலை 4:40 · வந்த செய்தி, நெய்தல்

“லே மக்கா, கலங்கரை இப்ப தெளிவா கேக்குது. கம்பத்தைத் திருப்பிட்டியே, கெட்டிக்காரன்தான். வார்டன் ரெண்டு பேரும் உறக்கம்னு சொல்லுது. ஒண்ணு பீரு, அப்ப இன்னொண்ணு நீ. வேலை முடிஞ்ச அலுப்புல போய் விழுந்துட்ட போல. கேப்டன் கேக்காரு, நேரா வரவா, சுத்தி வரவான்னு. நேரா வந்தா ரெண்டு மணி நேரம், எரிபொருள் ரொம்ப ஆவும். சுத்தி வந்தா நாளைக்குக் காலம்பற. பய நல்லா உறங்குதான், எழுப்பாண்டாம், சுத்தியே போவோம்னு சொல்லிட்டேன். தானியத்துல காய்ச்சுனதை எனக்கு ஒரு கிளாஸ் எடுத்து வை. நல்லாயிருந்தா தோத்தேன்னு ஒன் மொகத்தைப் பாத்தே சொல்லுதேன். உறங்கு.”

நாள் 20 · மாலை 4:45 · தானியங்கிப் பதிவு

செய்தி கட்டில் ஒன்றில் ஒலிபரப்பப்பட்டது. பதில் இல்லை. உறக்கம்.

நாள் 20 · மாலை 5:50 · தானியங்கிப் பதிவு

வெளிக்கதவுப் பொத்தான் தொடர்ந்து அழுத்தப்படுகிறது. பழுது. பொத்தான் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நாள் 20 · மாலை 7:05 · தானியங்கிப் பதிவு

வெளிக்கதவு: அமைதி. கட்டில் ஒன்று: சீரான மூச்சு. கட்டில் இரண்டு: சீரான மூச்சு. ஆள்: இருவர். நலம்.