குறுக்கே நின்ற மதினி

திருமங்கலம்
7.11.2024

முனீஸ்வரி மதினிக்கு,

இனி உங்களோடு பேசமாட்டேன் என்று வார்டே கேட்கும்படி சொல்லிவிட்டேன். அதனால்தான் போன் செய்யவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே, எழுதுகிறேன். தாய்ப்பால் டப்பாவோடு இதையும் உங்கள் தம்பி பஸ்ஸில் கொண்டு வருவார். கார் எடுத்துப்போகச் சொன்னால் கேட்பதில்லை.

என் அண்ணன் பாண்டியராஜன், பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கச் சீனித் தண்ணியோடு ஆசையாக வந்தான். தாய்மாமன் இல்லையா? அவன் கையைத் தட்டிவிட்டீர்கள். பிள்ளை வாயில் நுரை, உதடெல்லாம் நீலம், உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும் என்கிறார்கள். வாசலில் அண்ணன் கார் நிற்கிறது. நீங்கள் கதவை மறித்துக்கொண்டு, "பிள்ளைக்குன்னு உள்ள ஆம்புலன்ஸ் வராம யாரும் தூக்கக் கூடாது" என்கிறீர்கள். ஒரு மணி நேரம்! தையலோடு கிடந்தேன். எழுந்திருக்க முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

உங்கள் தம்பியும் வாயைத் திறக்கவில்லை. நல்ல அக்கா, நல்ல தம்பி.

பிள்ளை எப்படி இருக்கிறான்? அதை மட்டும் எழுதுங்கள்.

தமிழ்ச்செல்வி


மதுரை
8.11.2024

அன்பு செல்விக்கு மதினி எழுதுவது.

நீ வார்டில் திட்டியதில் பாதிகூடக் கடிதத்தில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாகிவிட்டது.

பையன் இருக்கிறான். உன்னை மாதிரியே புருவத்தைச் சுருக்கி முறைக்கிறான். உணவுக்குழாய் பாதியிலேயே நின்றுபோயிருக்கிறதாம், வயிற்றோடு சேரவில்லை. நாளை ஆபரேஷன். சீனித் தண்ணீர் உள்ளே போயிருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று அங்கே நர்ஸ் சொன்னது என் காதில் விழுந்தது. வாய் சொல்லுமுன் கை முந்திவிட்டது.

ஆம்புலன்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பாகப் படுத்து வந்தான். முத்துமீனா என்று ஒரு நர்ஸ், வாயில் சின்னக் குழாய் விட்டு எச்சிலை எடுத்துக்கொண்டே வந்தாள். பசுமலை பக்கம் குழாய் அடைத்துக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். கதவை மறித்த நானே கத்தினேன்: "ஏண்ணே நிப்பாட்டுறீக? வெரட்டுங்க!" அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "நின்னு போவோம்க்கா. போய்ச் சேரையில பிள்ளை நல்லா இருக்கணும்ல" என்றாள். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் இங்கே எல்லாம் தயாராக இருந்தது.

நான் ஏன் மறித்தேன் என்று உன் புருஷன் சொல்லியிருக்கமாட்டான். எனக்கு முதலில் பிறந்தது பெண், குறைமாதம். மார்கழிக் குளிரில் துண்டில் சுற்றி, நான் வாக்கப்பட்ட ஊரிலிருந்து மதுரைக்குக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓட்டியது என் தம்பிதான். பேய் வேகம். செக்கானூரணி தாண்டும்போது பிள்ளையின் பாதம் என் கையில் சில்லென்று இருந்தது. "சூடு குறையாம, மூச்சுக்கு வழி பண்ணிக் கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். இன்னும் வேகமாக ஓட்டியிருக்கலாமோ என்றுதான் அவன் இன்றைக்கும் நினைக்கிறான். அவனைத் திட்டாதே, செல்வி.

முனீஸ்வரி


திருமங்கலம்
9.11.2024

மதினிக்கு,

அவரிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைத் தடவிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

எனக்குத் தையலில் சீழ், காய்ச்சல். விடமாட்டேன் என்கிறார்கள். என் பிள்ளை ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் இங்கே கிடக்கிறேன். பயமாக இருக்கிறது, மதினி. அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

அண்ணன் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் திரிகிறான். "எம் மருமகனத் தொட எனக்கு உரிமை இல்லையா?" என்கிறான். அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செல்வி


மதுரை
17.11.2024

அன்பு செல்விக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அன்றே உன் புருஷன் சொல்லியிருப்பான். இன்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உணவுக்குழாய் சேர்ந்துவிட்டது, கசிவு இல்லை. இப்போது அவன் போடுகிற சத்தத்தில் பக்கத்துப் பிள்ளைகள் தூங்க முடியவில்லை. உன் தொண்டைதான்.

நாளை மறுநாள் முதன்முதலாக வாயில் பால் கொடுத்துப் பார்ப்பார்கள். சேனை வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சீனி, தேன் எதுவும் கூடாது, நாங்கள் சொல்கிறபடி தாய்ப்பால் ஒரு சொட்டு வைக்கலாம் என்றார். உனக்குத்தான் காய்ச்சல் விட்டுவிட்டதே, அண்ணனைக் கூட்டிவா. அவனே வைக்கட்டும். என்னைப் பார்த்தால் அவனுக்கு மனம் சங்கடப்படும், நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

முனீஸ்வரி


திருமங்கலம்
18.11.2024

அன்புள்ள மதினிக்கு,

நாளைக் காலை வாரோம். உங்கள் கடிதங்களை அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சேனைய மதினியே வைக்கட்டும். என் கொணம் வந்தா, இவனும் எடுத்தேன் கவுத்தேன்னுதான் ஓடுவான்" என்றான்.

எனக்கும் அதே ஆசைதான். வைத்தவர் குணம்தானே பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஊரே கத்தினாலும் கதவை விட்டு நகராத குணம் என் மகனுக்கு வரட்டும். வெளியே நிற்கிற கதையெல்லாம் நடக்காது. நாளைக்குக் கதவை மறித்து நிற்கப்போவது நான். பேசமாட்டேன் என்று சொன்னதும் நான்தானே, முதல் பேச்சையும் நானே பேசுகிறேன்.

அண்ணன் கார்தான். ஆனால் அவன் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறான். ஓட்டுவது உங்கள் தம்பி. அவரே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெதுவாகத்தான் வருவோம், மதினி. காத்திருங்கள்.

உங்கள்
செல்வி