மரத்தில் கட்டிய வெறுங்குச்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவுக்கு நாளைக் காலை வயிற்றில் ஆபரேஷன். போனில் பேசலாம் என்றால் கட்டிலை விட்டு என்னை நகர விடமாட்டேன் என்கிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது.

அடுத்த விளைச்சலுக்குப் பூச்சியோடு எடுத்துவைத்த விதையரக்குக் குச்சிகளை மரத்தில் ஏற்றிக் கட்டாமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் ஒரே பிடிவாதம் பிடித்தார். டாக்டரோ ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்றார். விதைக்குச்சிகளை எப்போதும் உத்தரத்தில்தானே தொங்கவிடுவார், இந்த முறை கையைத் தூக்க முடியாமல் விற்கிற குச்சிகளோடு தரையிலேயே போட்டுவிட்டார். வளையல் பட்டறைக்காரர் அவசரப்படுத்துகிறாரே என்று பாவி நான் எல்லாவற்றையும் சுரண்டி, இடித்து, தொட்டியில் அலசிவிட்டேன். தண்ணீரில் சிவப்புத் தூளாக மிதந்தது அத்தனையும் குஞ்சுப்பூச்சி, கிளையில் ஊர்ந்து அடுத்த அரக்கை வைக்க வேண்டிய உயிர்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சுரண்டிப்போட்ட வெறுங்குச்சிகளைக் கட்டுக்கட்டாக எடுத்து, ஏணி போட்டு ஏறி, ஜன்னலுக்கு நேரே இருக்கும் எட்டு மரத்திலும் கட்டினேன். படுத்தபடியே பார்த்துவிட்டு, இந்த வயசுல குரங்கு மாதிரி ஏறுறியேடி என்று சிரித்தார். மறுநாளே வண்டியில் ஏறிவிட்டார். அந்தச் சிரிப்பு என்னை அறுக்கிறது கண்ணு.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கிளையைத்தான் தடவிப் பார்ப்பார். உங்கள் பக்கம் குளிர் அதிகம், உன் மாமனார் வீட்டு அரக்கிலிருந்து பூச்சி இறங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அவர் காலில் விழுந்தாவது இரண்டு கட்டு விதை வாங்கி நீயே கொண்டு வா. அவங்க வீட்டு விதை என் மரத்துல ஏறாதுன்னு உன் கல்யாணத்தில் அப்பா கத்தியதை உன் மாமனார் மறந்திருக்க மாட்டார், தெரியும். மானம் மரியாதை எல்லாம் எனக்கு இனி எதற்கு?

இப்போது கண் விழித்து, யாருக்கு எழுதுறே என்றார். உனக்கு என்றேன். விதை ஏத்தியாச்சுன்னு எழுது, நான் இருந்தாலும் இல்லாட்டியும் அரக்கு வெட்டுக்கு அவ வந்துடணும்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். விதையைப் பிளாஸ்டிக் பையில் போடாதே, பூச்சி புழுங்கிச் செத்துவிடும். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வா.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அம்மா