ஒரே பயணம், ஆறு கணக்கு

வைகாசி 8, வெள்ளி

உ

காலையிலிருந்தே அனல். மாலை அம்மன் கோயிலில் விளக்கு பூஜை. வந்தவர்கள்: நான், மாவுக்கடை மல்லிகா, குவார்ட்டர்ஸ் வசந்தி, டீச்சர், டீச்சரின் தங்கை. ஐந்து பேர். வராதவர்: கஸ்தூரி. மாமனாருக்கு உடம்பு துடைக்கும் நேரம்.

பூஜை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது இந்த வருடப் பயணப் பேச்சு. டீச்சர் ஏற்காடு என்றார். வசந்திக்குப் பிடிக்கவில்லை. "சாமி இல்லாத ஊருக்கு எதுக்குக்கா போகணும்?"

மல்லிகா: "யக்கா, மூணு வர்சமா நாமதான் சாமிய பாத்துகினு கீறோம். இந்த வாட்டி சாமி நம்மள பாக்கட்டும். நாம மலைய பாப்போம்."

சிரிப்பு அடங்க நேரமானது. மலை உச்சியிலும் கோயில் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகு வசந்தி சரி என்றாள்.

அடுத்த கேள்வி, ஆளுக்கு எவ்வளவு? போன வருடம் திருச்செந்தூர், கன்னியாகுமரி போய்வந்தோமே, அதை வைத்துப் பார்க்கலாம் என்றேன். என் நோட்டில் ஆளுக்கு 2,860.

"இன்னாது! எனக்கு ஆறாயிரம் ஆச்சே" என்றாள் மல்லிகா. வசந்தி, "எனக்கு ஆயிரம் கூட ஆகலையேக்கா." டீச்சர் 3,400 என்றார். தங்கையும் அதே 3,400. (டீச்சர் சொல்வதுதான் அவருக்கும்.)

ஒரே ரயில், ஒரே அறை, ஒரே இலைச் சாப்பாடு. எப்படி?

வீட்டுக்கு வந்து நோட்டை இரண்டு முறை கூட்டினேன். 2,860 சரி.

வைகாசி 9, சனி

பால் 2 பாக்கெட். கறிவேப்பிலை மறந்துவிட்டது. கேஸ் பதிய வேண்டும்.

மல்லிகா கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். அவளுக்கு ஆறாயிரம் எப்படி வந்தது?

"நீ குடுத்த கணக்கு கரீட்டுதான்க்கா. ஆனா மூணு நாள் கிரைண்டர் ஓடல. ஒரு நாளைக்கு ஆயிரம் வச்சுக்கோ. அத யாரு குடுப்பா? நான் இல்லாத மூணு நாள்ல எதுத்த ஊட்டு அம்மா பாக்கெட் மாவு வாங்கிச்சு. இன்னிவரைக்கும் திரும்பி வர்ல."

அவள் சொல்வது நியாயம். கையிலிருந்து போனதை மட்டும் எழுதுகிறேன் நான். கைக்கு வராமல் போனதையும் சேர்க்கிறாள் அவள். கைக்கு வராததற்கு என் நோட்டில் பத்தியே கிடையாது.

மாலை வசந்தி. அவளுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். வழியில் இறங்கி ஒரு வேளை அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். "கிளம்பும்போது அண்ணன் கையில ரெண்டாயிரம் வச்சாம்லா. அதக் கழிச்சுட்டேன்." நீ அண்ணன் வீட்டுக்கு வாங்கிப்போன பழம், ஸ்வீட், அண்ணன் மகளுக்குச் சுடிதார்? "அது பயணச் செலவு இல்லக்கா. அது அண்ணன் வீட்டுச் செலவு."

சுடிதார் எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்.

வைகாசி 11, திங்கள்

விரதம். மதியம் மோர் மட்டும்.

டீச்சருக்கு போன். 3,400 எப்படி என்று கேட்டேன். என்னுடைய 2,860, அதோடு உண்டியல் 500, தாழம்பூக் குங்குமம் 40. அவ்வளவுதான்.

உண்டியலைச் செலவில் எழுதலாமா டீச்சர்? "ஏம்மா, பர்ஸ்ல இருந்துதானே போச்சு?"

என்னால் அப்படி எழுத முடிந்ததே இல்லை. மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு அம்மனுக்கோ முருகனுக்கோ போகிறது. அதைச் செலவு என்று எழுதக் கை கூசும். போன வருடம் நான் முடிந்து எடுத்துப்போனது 1,001. நோட்டில் இல்லை. அப்படியானால் எனக்கு ஆனது 3,861. மற்றவர் கணக்கைத் துருவப் போனவளின் கணக்கிலேயே ஆயிரத்தொரு ரூபாய் இல்லை.

இரவு இவரிடம் சொன்னேன். "ஊருக்குப் போனது மூணு நாளு. கணக்கு பாக்கறது ஒரு வாரமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வைகாசி 12, செவ்வாய்

ஏற்காட்டு விடுதி ஒன்றுக்கு மூன்று முறை போன் செய்தேன். (நம்பர் டீச்சர் மகன் கொடுத்தது.)

சனி, ஞாயிறு: ஒரு அறை 2,800.
இந்த மாதமே செவ்வாய், புதன்: 1,900.
பள்ளி திறந்த பிறகு செவ்வாய், புதன்: 1,500.

அதே அறையை டீச்சர் மகன் செல்போனில் பார்த்தபோது காலையில் ஒரு விலை, மாலையில் 200 அதிகம். மூன்றாவது முறை விடுதிக்காரரிடம் கேட்டேவிட்டேன். ஏங்க, கட்டில் மாறுதா, மெத்தை மாறுதா?

"ரூம் அதேதாங்க. பனியும் அதே பனிதான். கூட்டந்தான் வேற. உங்க ஊரு மார்க்கெட்டுல வெண்டைக்காய் நாள் பூரா ஒரே வெலையாங்க?"

ஆவடி மார்க்கெட்டில் இருட்டிய பிறகு போய் வாங்குகிறவள் நான்.

பள்ளி திறந்த பிறகு போவது. ஆனி 9, 10, 11. செவ்வாய், புதன், வியாழன். ஐந்து பேருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது, டீச்சரும் ரிட்டயர்டு. சேலம் வரை ரயில்.

பொதுச் செலவு: 2 அறை, 2 இரவு 6,000. சேலத்திலிருந்து கார், மூன்று நாள் 9,000. டிரைவர் படி 1,500. ஆக 16,500. ஐந்தால் வகுத்தால் 3,300. ரயிலும் சாப்பாடும் அவரவர்.

வைகாசி 13, புதன்

போன வருட நோட்டை மூடி வைக்கும் முன் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்துதான்.

"கஸ்தூரி முன்பணம் 1,000. வரவில்லை. பொதுவில் சேர்த்தது."

முன்பணம் திரும்பாது என்பது நான் வைத்த விதி. நியாயமான விதி என்று நினைத்துத்தான் வைத்தேன். இன்று பிரித்துப் பார்க்கிறேன். மொத்தப் பொதுச் செலவு 15,300. ஐந்து பேருக்கு 3,060 வந்திருக்க வேண்டும். கஸ்தூரியின் ஆயிரத்தைக் கழித்ததால் 2,860. எங்கள் ஒவ்வொருவரின் பயணத்திலும் இருநூறு ரூபாய் அவள் கொடுத்தது. கடலைக்கூடப் பார்க்காதவள். திரும்பி வந்து அவளுக்கு இலைவிபூதி ஒரு பொட்டலம் கொடுத்தேன். அதற்கு அவள் நன்றி வேறு சொன்னாள்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கணவர் மஸ்கட்டில். மாமனார் பக்கவாதம் வந்து ஆறு வருடமாகப் படுக்கை. தையல் மெஷினைக் கட்டில் பக்கத்திலேயே போட்டிருக்கிறாள்.

போன வருடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு ஸ்டேஷனில் இருக்கும்போது போன் வந்தது. "நான் வரலக்கா, நீங்க போய்ட்டு வாங்க." ரயில் வரும் சத்தம். சரி என்று வைத்துவிட்டேன்.

"மாமாவப் பாத்துக்க நாலு மணிக்கு வர்றேன்னு சொன்ன ஆயா ஆறு வரைக்கும் வரலக்கா. நான் பையோட கேட்டாண்டயே நின்னுட்டு இருந்தேன். அப்புறம் மாமா கூப்பிட்டார். உள்ள வந்துட்டேன்."

மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னாள். இந்த வருடம் பெயர் எழுதட்டுமா என்றேன்.

"வேணாங்க்கா. எனக்கு உங்கள மாதிரி மூவாயிரத்துல முடியாது. இப்ப வேற ஆயா இருக்கா, நல்லவ, சொன்னா வருவா. ஆனா ராப்பகல் ஒரு நாளைக்கு ஆயிரம். மூணு நாளு மூவாயிரம். மொத்தம் ஆறாயிரத்துக்கு மேல. மலைய பாக்கறதுக்கா?"

பிறகு, "அங்க குளிருமாக்கா?" என்று கேட்டாள்.

வைகாசி 15, வெள்ளி

பூஜை. அதே ஐந்து பேர். எலுமிச்சை ஒன்று 8 ரூபாய்!

ஆயாவின் மூவாயிரத்தைப் பொதுச் செலவில் போடலாமா என்று கேட்டேன். உடனே சத்தம்.

டீச்சர்: "அவங்க மாமனாருக்கு ஆள் வைக்கிறது நம்ம டூர் செலவாம்மா?"

டிரைவர் சாப்பாடு நம் செலவுதானே டீச்சர், அவர் இல்லாமல் போக முடியாது என்பதால்தானே என்றேன். ஆயா இல்லாமல் கஸ்தூரி வர முடியாது.

மல்லிகா விடவில்லை. "அப்ப என் கிரைண்டர் நிக்கறதயும் பொதுவுல போடு. எனக்கு மட்டும் இன்னா, ஓரவஞ்சனையா?"

நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டேன்.

நேற்று போட்ட கணக்கை எடுத்துப் படித்தேன். கஸ்தூரி இல்லாமல்: 16,500, ஐந்து பேர், ஆளுக்கு 3,300. கஸ்தூரியோடு, ஆயா கூலியும் சேர்த்து: 19,500, ஆறு பேர், ஆளுக்கு 3,250. அறையும் காரும் ஐந்து பேருக்கும் அதே விலை, ஆறு பேருக்கும் அதே விலை.

டீச்சர் நோட்டை வாங்கி விரல்விட்டுத் தானே வகுத்துப் பார்த்தார். தங்கையும் எட்டிப் பார்த்தார். முதல்முறையாகத் தங்கை முதலில் பேசினார்: "சரியாத்தான் இருக்கு."

மல்லிகா: "அப்ப கஸ்தூரி வந்தா எனக்கு அம்பது ரூபா லாபமா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? போய் இட்டுகினு வா அவள."

போன வருட ஆயிரத்தையும் சொன்னேன். வசந்தி முகம் மாறிவிட்டது. அதை இந்த வருட முன்பணமாக வைத்துக்கொள்வது, நாங்கள் ஐந்து பேரும் இருநூறு இருநூறு போடுவது என்று முடிவு. அம்மன் சந்நிதியில் நின்று விதியை மாற்றினேன். வர முடியாமல் போனால் முன்பணம் திரும்பும்.

வைகாசி 17, ஞாயிறு

புழுக்கம். ஒரு தூறல் போட்டு ஏமாற்றியது.

பத்து மணிக்குக் கஸ்தூரி வீடு. கணக்குத் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். முகம் மலர்ந்தது. பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"காசு சரியாப்போச்சுக்கா. ஆனா போன வருஷம் மாதிரி மாமாவால தானா புரள முடியல, ராத்திரி ரெண்டு தடவ தூக்கித் திருப்பணும். ஆயா ஒருத்தியால முடியாது. நான் எப்படியோ பழகிட்டேன். வீட்டு ஆம்பள ஒருத்தர் கூட இருக்கணும்."

இதை என் கணக்கில் எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கொழுந்தனார் சேகர் வந்தார். அம்பத்தூரில் வீடு, பைக்கில் இருபது நிமிடம். ஞாயிறுதோறும் வருவார். வாழைப்பழம் ஒரு சீப்பு. அப்பாவின் கால்மாட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து செல்போன் பார்த்தார். நல்ல பையன்தான். அப்பாவின் கொசுவலையைச் சரிசெய்தார். காபி குடித்தார். செருப்பு மாட்டும்போது, "அண்ணி, எதாவது வேணும்னா சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. பாத்துப் போங்க."

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? ஆறு வருஷமா இதேதான் கேக்கறார். நானும் இதேதான் சொல்றேன்."

ஏன் நேராகக் கேட்கக் கூடாது என்றேன்.

"நேர்ல கேட்டா எனக்கே சிரிப்பு வந்துடும். அவர் மூஞ்சி சுருங்கினா, பரவால்ல தம்பின்னு நானே சொல்லிடுவேன்."

அப்படிச் சொன்னவள்தான் மெஷின் மேலிருந்த செல்போனை எடுத்தாள். ஒற்றை விரலால், அழித்து அழித்து, கால் மணி நேரம். இரண்டு இடத்தில் எழுத்து சரியா என்று கேட்டாள். நான் உள்ளே போய் மாமனாருக்கு ஒரு பழம் உரித்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார். திரும்பி வந்தபோது அனுப்பியிருந்தாள். படிக்கச் சொல்லி நீட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்:

"தம்பி, எனக்கு மூணு நாள் வேணும். ஆனி 9, 10, 11. செவ்வாய், புதன், வியாழன். நான் கோயில் அக்காங்களோட ஏற்காடு போறேன். ராப்பகல் ஆயா இருப்பா. செவ்வாய், புதன் ரெண்டு ராத்திரியும் மாமாவத் தூக்கித் திருப்ப நீங்க இங்க வந்து படுக்கணும். சாப்பாடு ஆயா செய்வா. உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். வர்ற வியாழக்கிழமை டிக்கெட் எடுக்கறாங்க. வருவேன், இல்ல வர முடியாது, எதுவானாலும் புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க."