சுண்டு பெய்வித்த மழை

ஜூலை 2

என் அன்புச் சுண்டுவுக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நலம். நீ போனை அணைத்து வைத்துவிட்டாயாமே? "முகம் தெரியாதவன் எல்லாம் 'மழை எப்போ வரும், எப்போ வரும்'னு மெசேஜ் போட்டு அவ உயிரை எடுக்கிறானாம்டா, எதுவா இருந்தாலும் லெட்டர் போடச் சொல்லிட்டா" என்று உன் அம்மா புலம்பினாள். லெட்டர்தானே! எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதுவதில் முதல் பரிசு வாங்கியவன் நான். எட்டாம் வகுப்பு வரை போனேனா என்று மட்டும் உன் அம்மாவிடம் கேட்டுவிடாதே.

நம் துறைமுகம் அமோகமாக நடக்கிறது. உன் பழைய கம்ப்யூட்டரில் நீ ஏற்றிக் கொடுத்த விளையாட்டை ஒரு வருடமாக விடாமல் ஆடுகிறேன். நிஜத் துறைமுகத்தில் நான் லாரிக்குச் சுமை ஏற்றும் மேஸ்திரி, இதில் முதலாளி! போன வாரம் ஒரு திமிங்கிலம் உள்ளே வந்து, கப்பல் மாதிரியே மேடையோடு ஒட்டி நின்றது. கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். கிரேன்காரன் எனக்கு சல்யூட் அடித்தான்.

"இதுல நம்ம பொண்ணு என்னங்க பண்றா?" என்று உன் அத்தை கேட்டாள். விளக்கினேன். "கம்பெனிக்காரன் வீட்டைக் கட்டி முடிக்கலை. பாதியிலயே நம்மளைக் குடிவெச்சுட்டான். கடல் வெச்சான், கிரேன் வெச்சான், மழை வைக்கலை. நம்ம சுண்டு தானாவே ஒரு மழையைச் செஞ்சு, வெளியில இருந்து உள்ள விட்டுட்டா. அதுக்குப் பேரு மாட். உலகம் பூரா இப்போ அவ மழையிலதான் நனையுது."

"கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்றதாவது! கைகட்டி நிக்கிறான்."

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், துறைமுக அதிபர்

*

ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

கைகட்டி யாரும் நிற்கவில்லை மாமா. நான்தான் நிற்கிறேன்.

அந்த விளையாட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கம்பெனி ஒவ்வொரு புதிய பதிப்பு விடும்போதும் என் மழை உடைந்துபோகும், திரும்ப ஒட்ட வைப்பேன். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி பெரிய பதிப்பு வருகிறது. கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் எனக்கு எழுதியிருக்கிறார். அன்றைக்கு என் மழை நிலைத்து நின்றால், மழையையும் எடுத்துக்கொள்வார்களாம், என்னையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

நான் ஆபீஸில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் வாயை நம்பிச் சொல்கிறேன், அம்மா காதுக்குப் போகக் கூடாது.

புதிய பதிப்பை முன்னோட்டமாக எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதையும் அதற்கான மழையையும் பென் டிரைவில் வைத்து அனுப்புகிறேன். ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள். என் அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால்கூட, 'மழையில் ஏதோ கோளாறு' என்று திடுக்கிட்டு எழுகிறேன்.

அன்புடன்,
சுண்டு

*

ஜூலை 14

என் அன்புச் சுண்டுவுக்கு,

ஐயோ, என்னத்தைச் சொல்வேன்! ஊழிக்காலம் வந்துவிட்டதடி! புது மழையைப் போட்டேன். மழையா அது! வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. நாற்பது கப்பல் ஒரே மூச்சில் முழுகின. கிரேன்கள் பனைமரம் மாதிரி சாய்ந்தன. கடல் பொங்கித் திரையை விட்டு வெளியே வந்துவிடுமோ என்று உன் அத்தை துடைப்பத்தோடு நின்றாள். திமிங்கிலம் என்னைப் பார்த்துக் கண்ணீர் விட்டது.

மழை பெய்யும்போதே சேமித்து மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து திறந்தால் துறைமுகமே இல்லை! வெறும் தண்ணீர்! ஒரு வருட ராஜ்ஜியம் போச்சு! நான் வாய்விட்டு அலறியதில் எதிர்வீட்டு நாய் இன்னும் குரைப்பை நிறுத்தவில்லை.

என்னவென்று பார். ராஜினாமா விஷயம் என் நெஞ்சுக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது, சாவியை விழுங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், ராஜ்ஜியம் இழந்தவன்

*

ஜூலை 18

அன்புள்ள மாமாவுக்கு,

எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். துடைப்பத்தோடு நிற்கும் அத்தையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் மாமா, அந்த விளையாட்டில் கப்பல் முழுகவே முழுகாது. கிரேன் சாயாது. திமிங்கிலம் என்று ஒன்றை யாரும் இன்னும் செய்யவே இல்லை.

நான் எத்தனை முறை சோதித்துவிட்டேன் தெரியுமா? புதுத் துறைமுகம் தொடங்கி, மழை பெய்ய வைத்து, சேமித்து, மூடி, திறந்து, அதை அழித்துவிட்டு மறுபடியும் புதிதாகத் தொடங்கி. ஒரு தடவைகூட எதுவும் காணாமல் போகவில்லை. நீங்கள் கை தவறி வேறு எதையாவது திறந்திருப்பீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்தைந்து வரைக்கும் வேடிக்கைக்குக்கூட என்னைப் பயமுறுத்த வேண்டாம். 

அன்புடன்,
சுண்டு

*

ஜூலை 21

சுண்டுவுக்கு,

போன கடிதத்தில் நாற்பது கப்பல் என்று எழுதினேன். நின்றது மூன்று கப்பல். எதுவும் முழுகவில்லை. கிரேன் சாயவில்லை. அத்தை அப்போது அடுப்படியில் இருந்தாள்.

துறைமுகம் காணாமல் போனது உண்மை.

நீ சொன்னபடி நான்தான் கை தவறிவிட்டேனோ என்று யோசித்தேன். எங்கள் கிடங்குக் கணக்கரும் இந்த விளையாட்டை ஆடுகிறார். அவரும் பழைய பதிப்பிலிருந்து ஆடி வருகிறவர். நேற்று அவர் வீட்டுக்குப் போய், நீ கொடுத்ததைப் போட்டோம். மழையில் சேமித்து, மூடி, திறந்தோம். அவருடைய துறைமுகமும் போய்விட்டது. கடல் மட்டும் இருக்கிறது.

பிறகு அதே கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று தொடங்கி, அதையே செய்தோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை செய்தோம். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பழைய பதிப்பில் தொடங்கிய துறைமுகம்தான் போகிறது என்று நினைக்கிறேன். காரணம் எனக்குத் தெரியாது. நீ ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினேன் என்று எழுதியிருந்தாய். ஆடுகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழையது.

கணக்கர் இன்று என்னோடு பேசவில்லை.

போன் அடித்துப் பார்த்தேன், இன்னும் அணைத்தே வைத்திருக்கிறாய். உன் அம்மாவிடம் சொன்னால் ராஜினாமா வரைக்கும் சொல்ல வேண்டிவரும். தபாலில் போட்டால் இருபத்தைந்துக்குள் வருமா தெரியவில்லை. அதனால் உன் ஊர்ப் பக்கம் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெளியே விடுவதற்கு முன் ஒரு தடவை பழையதில் போட்டுப் பார்.

மாமா

*

ஜூலை 27

அன்புள்ள மாமாவுக்கு,

டிரைவர் அண்ணன் இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். "உங்க மாமா பத்துத் தடவை சொல்லி அனுப்பினாரும்மா, கையில குடுத்துட்டு, படிச்ச பொறவுதான் கிளம்பணுமாம்" என்று வாசலிலேயே நின்றார்.

முதல் வரியிலேயே எனக்குப் பகீரென்றது. ஒரு திமிங்கிலம் இல்லை, ஒரு சல்யூட் இல்லை. கடைசியில் வெறும் 'மாமா' என்று கையெழுத்து. உங்களுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவரிடம், "மாமா நல்லா இருக்காருல்ல?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு, ஆனா வழக்கம்போல பேசலை" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் போனதும் ஒரு பழைய துறைமுகத்தைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

போய்விட்டது. நீங்கள் சொன்னபடியே, கடல் மட்டும் இருந்தது.

மழையை விடவில்லை. 'இன்னும் தயாராகவில்லை, புதிய பதிப்பில் பழைய மழையைப் போடாதீர்கள்' என்று இணையத்தில் எல்லோருக்கும் ஒரு வரி போட்டேன். அதற்குக் கீழே வந்த வசவுகளை உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்கள் லாரி ஏறிக் கிளம்பிவிடுவீர்கள். கம்பெனிக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'அடுத்த பதிப்பின்போது பார்க்கலாம்' என்று பதில் வந்தது. அது நல்ல வார்த்தையா, கதவைச் சாத்தும் வார்த்தையா, எனக்குப் புரியவில்லை. ஆபீஸில் போய் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறார்களாம். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

ஒரு லட்சம் பேருடைய துறைமுகம் அன்றைக்கு என் கையால் போயிருக்கும் மாமா. உங்களுடையதும் கணக்கருடையதும் போனதோடு நின்றது. அவற்றைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை. கணக்கரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அப்படியொரு கடிதத்தை அவசியம் இல்லாமல் எனக்கு எழுதாதீர்கள்.  அடுத்த கடிதத்தில் திமிங்கிலம் வர வேண்டும்.

அன்புடன்,
சுண்டு

*

ஆகஸ்ட் 2

என் அன்புச் சுண்டுவுக்கு,

ஒரு லட்சம் துறைமுகத்தைக் காப்பாற்றிய உன் தாய்மாமன் எழுதுவது! இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு நானே நிறுத்தி வைத்துச் சொல்கிறேன். கணக்கர் பேசிவிட்டார். பேசினாரா, என் காலில் விழப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். "சும்மா இருங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே ஒரு டீ சொன்னாரு, அவ்வளவுதானே" என்று உன் அத்தை குறுக்கே பேசுகிறாள். அவள் பேச்சை நம்பாதே.

'அடுத்த பதிப்பின்போது பார்க்கலாம்' என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் படுகிறது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. உன் அம்மா தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறாள்.

திமிங்கிலம் உன்னைக் கேட்டது. வேறு கடலுக்குக் குடிபோயிருக்கிறதாம், விலாசம் தந்திருக்கிறது.

நான் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். நீ சரி செய்து அனுப்பும் மழை வருவதற்குள் இதுவும் பழையதாகிவிடும், நீ சோதித்துப் பார்க்க ஒன்று வேண்டுமே. இப்போதைக்கு ஒரு மேடை, ஒரு கிரேன், ஒரே ஒரு கப்பல். எவ்வளவு பெரிய கப்பல் என்று மட்டும் கேட்காதே. கேட்டால் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
துறைமுக அதிபர் (புதிய பதிப்பு)